அரை மாத்திரை தூரம்

இந்த ஃபிரிட்ஜ் கொஞ்சம் வாயை மூடினால் தேவலை என்று ஆவுடையம்மாளுக்கு இருந்தது. மணி மூன்று இருபத்திரண்டு. இன்னும் எட்டே நிமிஷம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தள்ளுகதவு, அதில் மூச்சு பட்ட மாதிரி மங்கலான கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜை, மேஜையில் லேப்டாப், அதன் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரு நிழல். அதுதான் ஓகுரா. ஐம்பத்தொன்பது வயசு. ஒரகடத்துத் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரிவுக்கு ஆலோசகராக ஜப்பானிலிருந்து வந்தவர். மே மாத வெயிலில், போரூர் ஏழாவது மாடியில், தன் சொந்த வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு, நாலரை வயசுப் பேத்தியோடு வீடியோவில் பேசுவதற்குக் காத்திருக்கிறார். மூன்றரைக்கு அழைப்பு வரும். இங்கிலாந்தில், லீட்ஸில் அப்போது காலை பதினொன்று. அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுக்க ஆவுடையம்மாளுக்கு எட்டு வாரம் ஆகியிருக்கிறது, வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். "ஒத்த வார்த்தைக்கா?" என்று அவள் புருஷன் இசக்கிமுத்து சிரித்தான், "முழு இங்கிலீஷும் சொல்லிக்குடுக்கணும்னா அந்த மனுசன் ஏழு ஜென்மம் எடுக்கணும் போலயே." சிரிக்கட்டும். அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிற வேகத்தில் அது யாருடைய பரீட்சை என்றே தெரியவில்லை. கதவுக்கு அப்பால் அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது, வார்த்தை கேட்கவில்லை, அடி மட்டும் கேட்டது, ஒன்று, பிறகு ஒன்று, பிறகு, ஐயோ, நாலு. "ஓகுரா சான், போதும்! இனிமேல் சொல்லிப் பார்க்காதீர்கள்!" என்று கத்தினாள். "ஹை!" என்று தன் பாஷையில் சரி சொன்னது நிழல், இன்னும் நிமிர்ந்தது.

நீங்கள் வீட்டுக்கே போய்விடலாம் என்று அவர் சொல்லவில்லை. சமையலறையில் இருங்கள், குழந்தை வேற்று முகம் பார்த்தால் ஓடிவிடும், ஆனால் நீங்கள் பக்கத்தில் இருந்தால் என் வாய்க்கு ஞாபகம் இருக்கும் என்றார். என் வாய்க்கு ஞாபகம் இருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலை வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாரே, அன்றைக்கும் இப்படித்தான், சுற்றி வளைக்காமல், காகிதத்தில் எழுதிவைத்துப் படிக்கிறவர் மாதிரிப் பேசினார். ஜப்பான்காரர்கள் பன்னிரண்டு பேருக்கு அவள் மூன்று வருஷமாக இங்கிலீஷ் எடுக்கிறாள், அந்தப் பன்னிரண்டில் கடைசி பெஞ்சு ஓகுராதான், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்த ஒரே மாணவர். அவருக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டதே இல்லை. இயந்திரத்துப் பையன்கள் போல்ட்டு என்பார்கள், இவர் போருத்தோ என்பார், அவர்களும் கடைசியில் ஒரு உயிரெழுத்தை ஒட்டவைக்கிறார்கள், இவரும் ஒட்டவைக்கிறார், இரண்டு கட்சியும் ஒன்றையொன்று அழகாகப் புரிந்துகொண்டு வேலை நடக்கும். அப்படிப்பட்டவர் வந்து, "எனக்கு ஒரு வார்த்தை மட்டும் போதும்" என்றார். "எந்த வார்த்தை?" என்றாள். "என் பேத்தியின் பெயர்." பெயரைச் சொன்னார். அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னார். மூன்றாம் முறை காகிதத்தில் எழுதிக் காட்டினார். கிரேஸ்.

பிறகு மெல்ல மெல்லத்தான் மற்றதெல்லாம் வந்தது, அவருடைய துண்டு இங்கிலீஷில், சில நாள் ஒரு வாக்கியம், சில நாள் அதுவும் இல்லை. மகள் பெயர் நத்சுமி. படிக்க இங்கிலாந்து போனாள், அங்கேயே கீத் என்று ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள், கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லியிருக்கிறார். வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மனைவி இறந்தபோது மகள் வந்தாள், சடங்கு முடிந்த அன்று அவர் ஏதோ சொல்லிவிட்டார், என்ன சொன்னார் என்பதை ஆவுடையம்மாளிடம் கடைசி வரை சொல்லவில்லை, "நீளமான வாக்கியம், தப்பான வாக்கியம்" என்று மட்டும் சொன்னார். ஆறு வருஷம். ஒரு வார்த்தை கிடையாது. இந்த வருஷப் பிறப்புக்கு அந்தக் கீத் தானாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பினான், உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், அவளுக்குத் தாத்தாவைப் பார்க்கவேண்டுமாம் என்று. மாசம் ஒரு சனிக்கிழமை. நத்சுமி திரைக்கு வரமாட்டாள், அது பேச்சு. முதல் அழைப்பில் ஓகுரா திரையில் தெரிந்த சுருட்டை முடியைப் பார்த்துப் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குழந்தை திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தது. மறுபடி கூப்பிட்டார். "அது நான் இல்லை" என்றது குழந்தை, கோபமில்லாமல், தவறான வீட்டுக் கதவைத் தட்டியவரிடம் சொல்வதுபோல, சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் அவர் பெயர் சொல்லத் துணியவே இல்லை. ஓகுரா அந்த முதல் நாளை நடித்துக் காட்டினார். குழந்தை திரும்பிப் பார்த்த விதத்தைத் தன் பெரிய தலையைத் திருப்பிக் காட்டினார். அன்று ஆவுடையம்மாள் வகுப்பறைக் கரும்பலகையைத் தேவைக்கு மேல் நேரம் துடைத்தாள்.

மூன்று இருபத்தைந்து. கு, ரே, ஏ, சு. நாலு. அங்கேதான் சிக்கல், வாயில் இல்லை, நாக்கில் இல்லை, கணக்கில். அவர் பாஷையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு நேரம், ஜன்னல் ஏசியிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர் மாதிரி, சொட்டு, சொட்டு, சொட்டு, எதுவும் பெரிதில்லை எதுவும் சிறிதில்லை, நெடில் என்றால் இரண்டு சொட்டு, ஒற்றுக்குக்கூட முழுசாக ஒரு சொட்டு உண்டு. கைதட்டச் சொன்னால் நாலு தட்டுவார். இங்கிலீஷ்காரனுக்கு அந்தப் பெயர் ஒரே தட்டு. வேகமாகச் சொல்லுங்கள் என்று அவள் சொன்னாள், எவ்வளவு பெரிய முட்டாள்தனம், வேகமாகச் சொன்னார், வேகமான நாலு வந்தது. நாலு பேரை ஓடவிட்டால் ஓடுகிற நாலு பேர்தான், ஒரு ஆள் ஆகிவிடுவார்களா? அப்புறம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பள்ளிக்கூட இலக்கணம் ஞாபகம் வந்து விரல் விட்டு எண்ணினாள், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, கண் இமைக்கிற நேரம், விரல் நொடிக்கிற நேரம். நம் வாயில் கிரேஸ், ஒன்று, இரண்டு, அரை, மூன்றரை. அவர் வாயில் நாலு. அவருக்கும் பேத்திக்கும் நடுவில் அரை மாத்திரைதான் தூரம்! மறுநாள் இதைச் சொல்லப்போனாள், அவர் 'மாத்திரை' என்ற சொல்லைப் போனில் போட்டுப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து, "இதற்கு மருந்து இருக்கிறதா?" என்று கேட்டார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவர் பாதிக்கு மேல் நிஜமாகத்தான் கேட்டார்.

அதற்கு முந்திய மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. கண்ணாடியை முன்னால் வைத்து, நாக்கு எங்கே, உதடு எங்கே, பல் எங்கே என்று, கால் சென்டரில் பிள்ளைகளைப் படுத்திய அதே பாடு. ஒன்பது வருஷம் அவள் அங்கே உச்சரிப்புப் பயிற்சியாளர். அங்கே அவள் பெயர் ஆட்ரி. ஆவுடையம்மாள் என்றால் வாடிக்கையாளருக்கு வாயில் நுழையாதாம், முதல் நாளே வெட்டிவிட்டார்கள், ஏழு எழுத்தை மூன்றாக, கோவில்பட்டிக்காரியை ஊர் தெரியாதவளாக. அதற்குப் பிறகு அவளே எத்தனை பேரை வெட்டினாள். கடையநல்லூர்ப் பெண் ஒன்று, பஸ்ஸு என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்ளும், பத்து தடவை சொல்லு, இருபது தடவை சொல்லு என்று நிற்கவைத்தாள், அந்தப் பெண் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்து இருபத்தொன்றாம் தடவை சரியாகச் சொன்னது, எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்ரியும் கைதட்டினாள். இப்போது இந்த மனிதர், அவள் முழுப்பெயரை முதல் நாள் கேட்டவுடன், ஆ, வு, தை, யா, ம், மா, ரு என்று, ஏழு எழுத்து, ஒன்றையும் கீழே சிந்தாமல், ஒற்றுக்கும் அதன் பங்கைக் கொடுத்து, கடைசியில் தன் பங்குக்கு ஒரு ருவையும் சேர்த்துச் சொன்னாரே. யாரும் அவள் பெயரை அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. அந்த வாயைப் பிடித்து, எழுத்தை விழுங்கு, மெல்லு, மிதி என்று சொல்லிக்கொடுக்கவா நான் வந்தேன்? நாலரை வயசுப் பிள்ளை குரேஏசு என்றால் நான்தான் என்று கற்றுக்கொண்டால் ஆகாதா? யார் யாருக்காக வளைவது? ஒரு நாள் தாங்காமல் கேட்டும்விட்டாள். ஓகுரா வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "பெயர் அவளுடையது," என்றார். "என் வாய்தான் போகவேண்டும்." அப்புறம், "நான் ஒரு முறை கூடப் போகவில்லை," என்றார். எங்கே போகவில்லை என்று அவள் கேட்கவில்லை.

சரி, சரி, அதை விடு, இருபத்தாறு ஆகிவிட்டது, நல்லதை நினை. வடபழனியில் பஸ் ஏறினாளே, அந்த நாளை நினை. கண்டக்டர் சில்லறைக்காகக் கத்திக்கொண்டிருந்தார், காசு குடும்மா, காசு, காசு, அவள் பையைத் திறக்க மறந்து அவர் உதட்டையே பார்த்தாள். காசு! யார் அந்த உகரத்தை உதட்டைக் குவித்துச் சொல்கிறார்கள்? எழுதும்போது முழு சு, சொல்லும்போது பாதி, பாதிகூட இல்லை, உதடு அப்படியே கிடக்கும், காற்று மட்டும் போகும். குற்றியலுகரம்! பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி மறந்துபோனது நம் எல்லோர் வாயிலும் நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் அவர் வாயிலும் எங்கேயாவது நடக்காமலா இருக்கும்? அன்று ஒரு மணி நேரமும் அவரை ஜப்பானிய பாஷையில் பேசவிட்டாள், எதை வேண்டுமானாலும் பேசுங்கள், சாப்பாடு, மழை, தொழிற்சாலை. அவர் கூச்சத்தோடு பேசினார், அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் வந்தது, தெஸ். தெஸ். தெஸ். அவள் துள்ளி எழுந்துவிட்டாள், நாற்காலி பின்னால் விழுந்தது. "அது என்ன சொன்னீர்கள்?" "தெ-சு," என்றார் அவர், பலகையில் இரண்டு எழுத்தாக எழுதியும் காட்டினார். "இல்லை! நீங்கள் தெஸ் என்றுதான் சொல்கிறீர்கள்!" "இல்லை, சென்செய், தெ-சு," என்று டீச்சரையே திருத்தினார். போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினாள். அவர் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். ஆறு தடவை கேட்டார். ஐம்பத்தொன்பது வருஷமாகத் தன் வாய் தனக்குத் தெரியாமல் ஓர் எழுத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்த மனிதரின் முகத்தை அதற்கு முன்னால் அவள் பார்த்ததில்லை. காதுமடல் சிவந்துவிட்டது. "அப்படியானால் என்னிடம் இருக்கிறது," என்றார். "இருக்கிறது!" என்றாள். "ஏற்கனவே இருக்கிறது!" என்றார் அவர். "இருக்கிறது, ஓகுரா சான், நீங்கள் பிறந்தபோதே இருக்கிறது!" இரண்டு பேரும் காலி வகுப்பறையில் தெஸ் தெஸ் என்று சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்து டீ கொண்டுவந்தவர் கண்ணாடிக் குவளையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

வால் கிடைத்தது, தலைக்குத்தான் இன்னும் மூன்று வாரம். க-வுக்கும் ர-வுக்கும் நடுவில் அவர் ஒரு உ வைத்தார், ஆவுடையம்மாள் யோசித்துப் பார்த்தால் அவளும் அங்கே ஒரு இ வைக்கிறாள், நாம் மட்டும் யோக்கியமா. ர-வை முதலிலேயே வாய்க்குள் தயாராக வைத்துக்கொண்டு க-வை அதன் மேல் வெடிக்கவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். வந்தது, போனது, வந்தது. கடைசியில் அதைப் பூட்டியது அவள் இல்லை, அவரேதான். தன் தொழிலிலிருந்து எடுத்தார். நாங்கள் தகட்டை முதலில் வெட்டுவோம், பிறகு வளைப்போம், பிறகு துளை போடுவோம், பிறகு ஓரம் மடிப்போம், நாலு இடம், நாலு அடி. நல்ல அச்சு செய்தால் எல்லாம் ஒரே அடியில். மேலிருந்து ஒரு தடவை வரும், போகும், பொருள் கையில். சொல்லிவிட்டு உள்ளங்கையை மேஜையில் ஒரு தடவை அழுத்தி, கிரேஸ் என்றார். அப்படியே வந்து விழுந்தது, சூடாக, பளபளவென்று, ஓரத்தில் பிசிறு இல்லாமல். முந்தாநாள் பத்துக்கு எட்டு. நேற்று பத்துக்கு ஆறு. நேற்று ஏன் ஆறு? இன்றைக்குப் பத்துக்கு எவ்வளவு என்பது பேச்சே இல்லை, ஒன்றுக்கு எவ்வளவு என்பதுதான் பேச்சு. குழந்தை திரும்பித் தன் பின்னால் பார்த்துவிட்டால், இந்த மனிதர் இன்னொரு தடவை எழுந்திருப்பாரா. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது, அவள் அதை அழைப்பு மணி என்று நினைத்து மேடையில் இடித்துக்கொண்டாள். மூன்று இருபத்தொன்பது. இந்த ஃபிரிட்ஜ். ஒன்றுமே கேட்காமல் செய்துவிடும். பின்னால் கையை விட்டுத் தடவி சுவிட்சை அணைத்தாள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. லேப்டாப் பாட ஆரம்பித்தது.

ஒரு ஆண் குரல், கீத்தாக இருக்கவேண்டும், வார்த்தைகள் கண்ணாடியில் பட்டு மழுங்கி வந்தன, தாளம் மட்டும் தெளிவாக வந்தது, ஒரு சொல்லைத் தோளில் தூக்கிவைத்து மற்றதையெல்லாம் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு போகிற தாளம். ஓகுராவின் பதில், சொட்டு சொட்டாக. நன்றி. நான் நலம். இங்கே வெயில். ஐயோ, வெயிலைப் பற்றி யார் கேட்டார்கள், சொல்லுங்கள், சீக்கிரம் சொல்லுங்கள், வாய் காய்ந்துவிடும். கீத் சிரித்தான், நாற்காலி இழுபட்டது, அங்கேயா இங்கேயா, பிறகு மெல்லிசாக மூச்சு விடுகிற சத்தம், ஒரு குழந்தை மைக்குக்கு வெகு அருகில் மூக்கை வைத்துக்கொண்டு விடுகிற மூச்சு. வந்துவிட்டாள். ஆவுடையம்மாள் தள்ளுகதவில் காதை வைத்தாள், கண்ணாடி ஜில்லென்றிருந்தது. இரண்டு நொடி. நாலு நொடி. கண்ணிமை, கண்ணிமை, கண்ணிமை. கு, என்று ஆரம்பித்தார், ஆரம்பித்து நின்றுவிட்டார். போச்சு. அவ்வளவுதான். எட்டு வாரமும் போச்சு, நான் செய்தது தப்பு, எழுதிவைத்துக் காட்டச் சொல்லியிருக்கலாம், செல்லமே கண்ணே என்று ஏதாவது கூப்பிடச் சொல்லியிருக்கலாம், ஒரு பிள்ளையைக் கூப்பிட ஆயிரம் வழி இருக்கிறதே, பெயரிலேயே போய் ஏன் முட்டிக்கொள்ளவேண்டும். அப்போது மேஜையில் ஒரு உள்ளங்கை விழுந்தது. கூடவே, அதே நேரத்தில், அதற்கு ஒரு இமைகூட முன்னும் பின்னும் இல்லாமல்,

"கிரேஸ்."

ஒரே அடி. ஒன்றே ஒன்று. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யெஸ்?" என்றது குழந்தை.

அவ்வளவுதான். ஆச்சரியம் இல்லை, பாராட்டு இல்லை. தன்னைக் கூப்பிட்டால் யாரும் சொல்கிற மாதிரி, என்ன வேணும் என்கிற மாதிரி, யெஸ்? கைதட்டலுக்குக் காத்திருந்த மனசு ஒரு கணம் ஏமாந்து, அடுத்த கணம் அதற்கு விளங்கியது, இதைவிடப் பெரிதாக எதுவும் கிடைத்திருக்க முடியாது, குழந்தை திரும்பித் தன் பின்னால் பார்க்கவில்லை, தான்தான் அது என்று ஒத்துக்கொண்டது. அதற்கும் அடுத்த கணம் ஆவுடையம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்த வார்த்தை! கூப்பிட்டாயிற்று, குழந்தை என்ன என்று கேட்கிறது, இனி என்ன சொல்வது? எட்டு வாரம் ஒரே ஒரு வார்த்தையை இழைத்து இழைத்து, அதற்குப் பின்னால் ஒரு வார்த்தையும் வைக்கவில்லையே நாம் இரண்டு முட்டாள்களும்! கதவைத் திறந்து ஓடிப்போய் அவர் காதில் எதையாவது சொல்லிவிடலாமா, உனக்கு என்ன நிறம் பிடிக்கும், காலையில் என்ன சாப்பிட்டாய், ஏதாவது, ஏதாவது. மேஜையில் உள்ளங்கை மறுபடி விழுந்தது. "கிரேஸ்," என்றார் ஓகுரா, வேறு வழியில்லாமல்.

"யெஸ்?" இந்தத் தடவை குரலில் ஒரு சிரிப்பு முளைவிட்டது.

"கிரேஸ்."

"யெஸ்!"

"கிரேஸ்!" "யெஸ்!" "கிரேஸ்!" "யெஸ்! யெஸ்! யெஸ்!" அங்கேயும் ஒரு சின்னக் கை மேஜையில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, இவர் அடிக்க அது அடிக்க, விளையாட்டாகிவிட்டது. குழந்தை கிறீச்சிட்டுச் சிரித்தது, கீத் சிரித்தான், பிறகு, கடவுளே, ஓகுரா சிரித்தார், வெளியே வராமல் உள்ளேயே உருளும் சிரிப்பு, அவர் சிரித்து அவள் கேட்டது மாத்திரை மருந்து கேட்ட நாள் ஒன்றுதான். பத்துக்குப் பத்து, பதினொன்றுக்குப் பதினொன்று, அவள் எண்ணிக்கொண்டே வந்தாள், விரல் தீர்ந்துபோனது. சமையலறையில் தனியாக ஒரு குதி குதித்தாள். நாற்பதை நெருங்குகிற பெண்பிள்ளை, அடுத்தவர் வீட்டுச் சமையலறையில். குதித்து முடித்தபோது கூடம் அமைதியாகியிருந்தது.

குழந்தை நின்றுவிட்டது. கீத் நின்றுவிட்டான். ஓகுராவின் நிழல் கண்ணாடியில் அசையாமல் இருந்தது. ஏதோ உடைந்துவிட்டதா, இணைப்பு போய்விட்டதா என்று அவள் மறுபடி காதை வைத்தாள். ஒரு பெண் குரல். தணிந்த குரல், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் இது அந்த ஊர்த் தாளம் இல்லை. தோளில் தூக்கி வைத்தது எதுவும் இல்லை, மிதிபட்டது எதுவும் இல்லை. சொட்டு, சொட்டு, சொட்டு, சொட்டு, சொட்டு. அவள் விரல்கள் தன்னையறியாமல் மடங்கின. ஐந்து. ஒ, தோ, ஓ, ச, ன். மூன்று வருஷம் ஜப்பான்காரர்களோடு இருந்ததில் அந்த ஒரு வார்த்தை தெரியாமல் போகுமா. அப்பா. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற விளையாட்டை நத்சுமி அந்த வீட்டில் எங்கேயோ நின்று, அடுப்படியிலோ மாடிப்படியிலோ, ஆவுடையம்மாள் நின்ற மாதிரியே கதவுக்கு இந்தப் பக்கமாக நின்று, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தன் பிள்ளையின் பெயர், தன் அப்பாவின் வாயில், தான் வைத்தபடியே. பிறகு ஓகுராவின் குரல் வந்தது, அதே சொட்டு, அதே அளவு, நடுவில் ஒரு சொட்டு தவறி, மறுபடி ஆரம்பித்து. நீளமான வாக்கியம். சரியான வாக்கியமாக இருக்கட்டும், சரியான வாக்கியமாக இருக்கட்டும்.

இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. பாஷை தெரியாவிட்டாலும் கேட்கக்கூடாது. அடுத்தவர் வீட்டுப் பேச்சு, காதுக்குத் தாளம் மட்டும் தெரிந்தாலும் அது பேச்சுதான். ஃபிரிட்ஜ் சுவிட்சைப் போட்டாள், அது உறுமத் தொடங்கியதும் நிம்மதியாக இருந்தது. பாத்திரம் துலக்குகிற பெண் வந்துபோகும் பின்வாசல் ஒன்று சமையலறையிலேயே இருந்தது, தாழ்ப்பாளை எண்ணெய் போட்டதுபோல் மெதுவாக விலக்கினாள். வெளியே வந்து கதவைச் சாத்தின பிறகுதான் செருப்பு கூடத்து முன்வாசலில் அல்லவா கிடக்கிறது என்று உறைத்தது. திரும்பிப் போகவா? அந்த இரண்டு பேருக்கும் குறுக்கே நடந்து, மன்னிக்கவும் என்று சொல்லி, குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு? லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்க முடியவில்லை, ஏழு மாடியையும் படியில் இறங்கினாள், வெறுங்கால் ஒவ்வொரு படியிலும் பட் பட் என்று விழ, படிகள் சமமாக இருப்பதே ஒரு பெரிய வேடிக்கை மாதிரி சிரிப்பு சிரிப்பாக வந்தது. வாகனம் இறங்குகிற சரிவில் கால் வைத்ததும் சிமெண்ட் சுட்டது. அம்மாடி என்று ஒரு காலைத் தூக்கினாள், அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினாள், அப்படியே நொண்டியடித்து வாசல் நிழலுக்கு வந்து சேர்ந்தாள். காவல்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னாச்சு டீச்சர்? செருப்பு எங்க?"

"மேல இருக்கு அண்ணே."

"அறுந்துபோச்சா? யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டாங்களா? இருங்க, நான் போயி எடுத்தாரேன்."

"போகாதீங்க!" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள். மூச்சு வாங்கியது, வேர்த்து ஊற்றியது, சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணிலிருந்து வேறு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "இப்ப யாரும் பெல் அடிக்கக்கூடாது. மேல அப்பாவும் பொண்ணும் பேசிக்கிட்டு இருக்காங்க."

"யாரு, அந்த ஜப்பான் சாரா? அவருக்குப் பொண்ணு இருக்குதா? ரெண்டு வருசமா இங்க இருக்காரு, ஒருத்தரும் வந்ததில்லையே."

"இருக்கு," என்றாள் ஆவுடையம்மாள். சுட்ட பாதத்தை இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, அவர் காலி பண்ணிய நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேத்தியும் இருக்கு. கூப்பிட்டா என்னன்னு கேக்குது."

காவல்காரர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவள் பக்கம் தள்ளிவிட்டு, "பேசட்டும், பேசட்டும்," என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பக்கம் யாரோ அடித்த ஹாரனுக்குக் கதவைத் திறக்க வெறுங்காலோடு ஓடினார்.